பச்சைக் கடதாசி

ஏழாம் வகுப்பு பி. முப்பத்துநாலு பேர்.
ஞாயிறு இரவு கரண்ட் போன நேரம்
போன் வெளிச்சத்தில் குந்தியிருந்து
மூன்று நிறத்தில் கடதாசி வெட்டினேன்.
சிவப்பில் முக்கோணமும் சேர்ந்த கோணல் உருவங்கள்,
மஞ்சளில் நீளம் பெருக்கல் அகலம்,
பச்சையில் கட்டங்களை எண்ணினால் போதும்.

ஒரே வாசலால் எல்லாரையும் தள்ளாதீர்கள்
என்றார்கள் பயிற்சியில்.
பதினொரு வருடமாய்த் தள்ளிக்கொண்டிருந்தவள் நான்.
தேநீர் இடைவேளையில் பெற்றிஸைக் கையில் வைத்தபடி
அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், இரண்டாம் பாடவேளை.
கேள்வியை வாசிக்கும் முன்னமே
நிறத்தை வாசித்துவிட்டார்கள்.
கடைசி வாங்கிலிருந்து ஹசீப் எழும்பினான்:
"டீச்சர், பச்சையெண்டா மக்கு, என்ன?"
கேலி இல்லை அவன் குரலில்.
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

வகுப்பு சிரித்தது.
பச்சை வைத்திருந்த ஒன்பது பேரும் சேர்ந்து சிரித்தார்கள்,
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
நுஸ்கி மட்டும் சிரிக்கவில்லை.
கடதாசியை நாலாய் மடித்துச்
சப்பாத்துக்குள் செருகினான்.

சிவப்பை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு
மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள் இஃபா.
இவ்வளவு காலமும் அப்படித்தான் கிடந்திருக்கிறாள்.
"அடக்கமான பிள்ளை" என்று
றிப்போட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

செவ்வாய் நான் கடதாசி ஒன்றும் கொண்டுபோகவில்லை.
பள்ளிக்கூடத்துப் பின்வளவுக்கு
எல்லாரையும் இறக்கினேன்.
"இந்த நிலம் எவ்வளவு?
எதால வேணுமெண்டாலும் அளவுங்க."

சிலர் அளவு நாடா எடுத்தார்கள்.
சிலர் செங்கல் வரிசை வைத்தார்கள்.
சனா தன் சப்பாத்தாலேயே அடி வைத்து எண்ணி
நாற்பதில் பிழைத்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
மதிலோரம் சரிந்த மூலைக்கு
முக்கோணம் வெட்டினாள் இஃபா.
ஹசீப் கிறிக்கெற் பிச் கீறினான். நாலு பேர்
ஒன்றுமே செய்யவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நுஸ்கி சும்மா ஒரு சுற்று நடந்தான்.
குதிகாலால் மண்ணைக் கிண்டிப் பார்த்தான்.
"முக்கா மரக்கால் போதும்."
சிரிக்கத் தொடங்கி நின்றார்கள், விளங்காமல்.
"விதைக்க, டீச்சர். வட்டைக்குள்ள
எங்கட மேட்டு வரவைக்கு ஒரு மரக்கால் போகும்.
இது அதைவிடச் சின்னன்."

சம்மாந்துறையில் பிறந்தவள் நான்.
சுற்றிவர வயல். போடியாரின் பேத்தி வேறு.
அந்த விடை சரியா பிழையா என்று
சொல்லத் தெரியவில்லை எனக்கு.

இஃபாதான் முதலில் வாய் திறந்தாள்:
"முந்நூற்றி அறுபத்திரண்டு சதுர மீற்றர் எனக்கு வந்திருக்கு.
அப்ப ஒரு மரக்காலுக்கு எத்தனை?"
அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.
எந்த நிறத்திலும் நான் எழுதி வைக்காத கேள்வி அது.
இரண்டு பேரும் மண்ணில் குந்தி
குச்சியால் வகுக்கத் தொடங்கினார்கள்.
மணி அடித்தது. எழும்பவில்லை.

வியாழன், ஆசிரிய ஆலோசகர் படிவத்தோடு வந்தார்.
"குழு அட்டைகள் எங்க டீச்சர்?"
பின்வளவைக் காட்டினேன்.
இரவு பெய்த மழையில்
கோடுகள் கரைந்து போயிருந்தன.
"ஓரளவு" என்ற பெட்டிக்குள் சரி போட்டார்.
கோபமில்லை எனக்கு. உண்மையும் ஓரளவுதான்.

தவணைப் பரீட்சைக்கு வலயத்திலிருந்து
வெள்ளைக் கடதாசி வரும், எல்லாருக்கும் ஒன்றே.
அதில் மரக்கால் இராது.
அதற்கும் இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்,
எந்த வாசலால் என்று இன்னும் தெரியாது.

ஆலோசகர் போன பிறகு
நுஸ்கி என் மேசைக்கு வந்தான்.
நாலாய் மடித்த பச்சைக் கடதாசி.
வியர்வையில் ஊறி, ஓரம் கிழிந்து.
கட்டங்கள் அத்தனையும் எண்ணியிருந்தான், பிழையில்லை.
அடியில் பென்சிலால்:
"இது லேசு.
மஞ்சள் மிஞ்சிக் கிடக்கா?"